பால்வாடியின் தூய்மைக்கு வழிகாட்டத் தன்னார்வலர்கள்: யாரை, எதற்காக, எப்படித் தேர்ந்தெடுப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் அங்கன்வாடி மையத்தை இன்றும் பலர் பால்வாடி என்றே அழைக்கிறார்கள். அந்த மையத்தின் தூய்மை பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. காலையில் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வருவது, அரிசி களைந்து உலை வைப்பது, சாப்பாடு போடுவது, பாத்திரம் தேய்ப்பது, தரையைக் கூட்டித் துடைப்பது, கழிப்பறைக்குப் போய் வந்த பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது என எல்லாமே உதவியாளர் என்ற பதவிப் பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. ஊர் அவரை ஆயாம்மா என்கிறது. இந்த வேலைகளை எந்த வரிசையில் செய்வது, எந்தத் துணியை எதற்குப் பயன்படுத்துவது, பிளீச்சிங் பவுடரை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று அவருக்கு ஐயம் எழுந்தால், கேட்பதற்கு அருகில் ஆள் இல்லை. மேற்பார்வையாளர் ஒருவர் இருபது, இருபத்தைந்து மையங்களைக் கவனிக்க வேண்டியவர். அவர் வரும் நாளில் வருகைப் பதிவேட்டையும் எடைப் பதிவையும் சத்துமாவு இருப்பையும் பார்ப்பதற்கே நேரம் சரியாகிவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப, குழந்தைப் பராமரிப்பு இடங்களின் தூய்மை முறைகளுக்கு வழிகாட்டும் தன்னார்வ ஆலோசகர்களை ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் நல்லெண்ணம் கொண்ட பத்துப் பேரைத் திரட்டி அடையாள அட்டை கொடுத்து அனுப்பிவிட்டால் அந்த யோசனை கெட்டுப்போகும். ஏற்கெனவே பளு சுமக்கும் ஒரு பெண்ணின் தலைக்கு மேல் இன்னொரு மேற்பார்வையாளர் உட்கார்ந்ததாக அது முடியும். யார் ஆலோசகர் என்பதை முடிவு செய்வதற்கு முன்பு, மையத்தில் எந்தத் தண்ணீர் வருகிறது, உதவியாளரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்ற இரண்டையும் புரிந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டையும் படிக்கத் தெரிந்தவரே இந்த வேலைக்குத் தகுதியானவர் என்பது என் உறுதியான கருத்து.

இந்த மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982-இல் வந்த சத்துணவுத் திட்டம் இந்த மையங்களுக்குச் சமையல் அடுப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தது. இன்று மாநிலத்தில் சுமார் 54,000 குழந்தைகள் மையங்கள் உள்ளன. மையத்தில் சமையல் நடக்கிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள், விளையாடுகிறார்கள், கழிப்பறைக்குப் போகிறார்கள். பெரும்பாலான இடங்களில் இவை அனைத்தும் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு கழிப்பறை என்ற அளவுக்குள் நடந்தாக வேண்டும். தூய்மை முறைகள் இங்கே வீட்டைவிடக் கடுமையாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இந்த நெருக்கம்தான். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பெரும்பாலும் அந்த வீட்டோடு நிற்கும். மையத்தில் இருபது பிள்ளைகள் ஒரே பாயில் உருண்டு, ஒரே பொம்மையை வாயில் வைத்துவிட்டு, மாலையில் இருபது வீடுகளுக்குத் திரும்பிப் போகிறார்கள்.

தூய்மை என்ற பேச்சை எடுத்ததும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பினாயில் வாசனை. வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆலோசகர் முதலில் மாற்ற வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான். அழுக்கை அகற்றுவது ஒரு வேலை. கிருமியைக் கொல்வது இன்னொரு வேலை. சோப்பும் தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்து அழுக்கையும் அதோடு ஒட்டியிருக்கும் கிருமிகளில் பெரும்பகுதியையும் எடுத்துச் சென்றுவிடும். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான் வர வேண்டும். மலமோ வாந்தியோ படிந்த இடத்தில் நேராகப் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால், அந்த அழுக்கே குளோரினை உறிஞ்சிச் செயலிழக்கச் செய்துவிடும், கிருமி தப்பித்துக்கொள்ளும். வாந்தி எடுத்த இடத்தைப் பழைய துணியாலோ தாளாலோ வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினியால் துடைத்துச் சிறிது நேரம் ஈரமாக விட வேண்டும்.

கடையில் புதிதாகக் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பொதுவான பரப்புகளுக்குப் பரிந்துரைக்கும் 0.1 சதவீதக் கரைசலைத் தயாரிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 3 கிராம் பவுடர் போதும். ஆனால் திறந்த பாக்கெட்டைச் சமையல்கட்டு அலமாரியில் ஒரு மாதம் வைத்திருந்தால் காற்றும் ஈரமும் பட்டு அதன் வீரியம் இறங்கிப்போகும். அப்போது அதே 3 கிராம் வெறும் வெள்ளைத் தண்ணீரைத்தான் தரும். காற்றுப் புகாத டப்பா, திறந்த தேதியை எழுதிய சீட்டு, அளவுக்கு ஒரு கரண்டி, அன்றன்றைக்கு மட்டும் கரைத்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவை இருந்தால் விலை உயர்ந்த எந்தத் திரவமும் தேவைப்படாது. கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட்டோடு இந்தப் பவுடரைச் சேர்த்தால் நச்சு வாயு வரும் என்பதை ஒவ்வொரு மையத்தின் கழிப்பறைக் கதவிலும் படத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். ஆசிட்டும் பினாயிலும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கப்படுவதைப் பல இடங்களில் காண முடிகிறது. இரண்டு வயதுப் பிள்ளை அந்தப் பாட்டிலைப் பார்த்தால் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆலோசகர் மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பாட்டில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

கருப்புப் பினாயில் போன்ற பீனால் வகைக் கிருமிநாசினிகள் தவழும் குழந்தைகள் இருக்கும் தரைக்கு ஏற்றவை அல்ல. பச்சிளங் குழந்தைகளின் தொட்டில்களிலும் இன்குபேட்டர்களிலும் பீனால் வகைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது மருத்துவமனைகளில் நெடுநாளாக இருந்துவரும் எச்சரிக்கை. பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைகளுக்கும் தட்டு, டம்ளருக்கும் சோப்பும் ஓடும் தண்ணீரும் நல்ல வெயிலில் காயவைப்பதும் போதுமானவை. நம் இரு மாவட்டங்களிலும் ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்குப் பஞ்சமில்லை. பாயையும் ஜமுக்காளத்தையும் வெயிலில் போட்டு எடுக்கும் நம் பாட்டிமார் வழக்கம் அறிவியலோடு முரண்படாத நல்ல வழக்கம்.

கைகழுவுதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாத் தூய்மைப் பணிகளையும்விட இதுவே அதிகப் பலன் தருவது. கைகழுவும் பழக்கத்தை ஊக்குவிப்பது குழந்தைகளின் வயிற்றுப்போக்கைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மையங்களில் இது எந்த இடத்தில் உடைகிறது என்பதை முட்டை போடும் நாளில் மதியம் பதினொன்றரை மணிக்குப் பார்த்தால் புரியும். உதவியாளர் அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருப்பார். உள்ளிருந்து ஒரு பிள்ளை அழைக்கும். எழுந்து போய்க் கால் கழுவிவிட்டு, அங்கே சோப்பு இல்லாததால் வெறும் தண்ணீரில் கையை அலசி, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மீண்டும் முட்டைக்கு வந்து உட்காருவார். இதில் அவருடைய அலட்சியம் எதுவும் இல்லை. சோப்பு சமையல்கட்டில் இருக்கிறது, பிள்ளை கழிப்பறையில் இருக்கிறது, அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. கழிப்பறைச் சுவரில் ஒரு சிறு வலைப்பையில் இன்னொரு சோப்பைக் கட்டித் தொங்கவிட்டால் அந்த நாளின் மிகப் பெரிய அபாயம் அங்கேயே நீங்கிவிடும். இப்படிப்பட்ட ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, பத்து ரூபாய்ச் செலவில் சரிசெய்யும் வழியைச் சொல்பவர்தான் நமக்குத் தேவைப்படும் ஆலோசகர். இருபது பக்கக் கையேட்டை ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறவரால் இது ஆகாது.

அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதியில் எந்தத் தூய்மை முறையை வகுத்தாலும் அது தண்ணீரில் வந்து நின்றுவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருக்க வேண்டும் என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. பழுப்புக் கறை படிந்த பற்களை இங்கே ஒரு தலைமுறை முழுவதும் சுமந்தது. அந்தக் கறை உருவாகும் காலம், நிலையான பற்கள் ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் முதல் எட்டு ஆண்டுகள். பால்வாடிக்கு வரும் பிள்ளையின் வயது அதற்குள் அடங்குகிறது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய்த் திட்டமாக உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது இந்தத் துயரத்தைப் போக்குவதற்காகவே.

ஒகேனக்கல் தண்ணீர் நாள்தோறும் ஒரே அளவில் எல்லா இடத்துக்கும் வந்துவிடுவதில்லை. வராத நாளில் மையம் போர்வெல் தண்ணீருக்குப் போகிறது. ஆகவே ஒரே மையத்தில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும், இரண்டும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் டிரம்களில் இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் வாய் கொப்பளிக்கவும் எது, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் எது என்று பிரித்து வைப்பதுதான் இந்தப் பகுதியின் தூய்மை முறையில் முதல் விதியாக இருக்க வேண்டும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின் கலந்தாலும் போகாது. கிருமிக்கு எதிரான வழிமுறையும் ஃபுளோரைடுக்கு எதிரான வழிமுறையும் வேறு வேறு என்பதைத் தெரியாதவர், காய்ச்சிக் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வெளியூரில் இருந்து வரும் நிபுணர்களைவிட, இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஆலோசகர் குழுவில் முன்னுரிமை தர வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே முதல் காரணம்.

தண்ணீரின் கடினத்தன்மையும் கணக்கில் வர வேண்டும். உப்புத் தண்ணீர் என்று ஊரில் சொல்லப்படும் கடின நீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகப் படியும். கையில் நுரை வராததால் பிள்ளைகள் சோப்பை மேலும் மேலும் தேய்ப்பார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். அலச இரண்டு மடங்கு தண்ணீர் செலவாகும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள சித்திரை, வைகாசியில் அந்த இரண்டாவது மடங்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ கோடையில் ஒரு மையத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் கிடைக்கிறது என்பதைக் கேட்காமல் எழுதப்படும் எந்தத் தூய்மை நெறியும் காகிதத்தில்தான் இருக்கும். தண்ணீர் குறைவான நாளில் எதைக் கட்டாயம் கழுவ வேண்டும், எதை மறுநாளுக்கு ஒத்திப்போடலாம் என்ற முன்னுரிமை வரிசையும் நெறிமுறைக்குள்ளேயே இருக்க வேண்டும். கை, சாப்பாட்டுப் பாத்திரம், கழிப்பறை ஆகிய மூன்றும் ஒத்திப்போடக் கூடாதவை. சன்னலும் சுவரும் முற்றமும் காத்திருக்கலாம். டிரம்முக்குள் சொம்பை விட்டு மொள்ளும் வழக்கத்துக்குப் பதிலாக, அடியில் குழாய் வைத்த டிரம்மை ஒரு திட்டின் மேல் ஏற்றி வைத்தால் தண்ணீரும் மிச்சமாகும், இருபது கைகள் உள்ளே போவதும் நிற்கும்.

இப்போது யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வரலாம். தன்னார்வப் பணியில் நம் பகுதிக்கு ஒரு நல்ல முன்வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு என்ற அமைப்பு 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-இல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, வீடு வீடாகச் செல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களாக வந்தவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்களே. அரூர் அருகே சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் தொடங்கிய பழங்குடியினர் நலப் பணி, உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வளர்ந்தது. ஊர்ப் பெண்களுக்குச் சுகாதார அறிவைக் கொடுத்தால் அவர்கள் அதை ஊரின் மொழியில் எடுத்துச் செல்வார்கள் என்பது இங்கே பலமுறை கண்கூடாகத் தெரிந்த உண்மை.

ஆகவே முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள். அவர்களுக்குப் பிள்ளைகளையும் தாய்மார்களையும் தெரியும், கிருமிநாசினிக் கரைசலை அளந்து கலக்கிய பழக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற அங்கன்வாடி உதவியாளர்களை அவர்களுக்குச் சமமாகவே நான் வைப்பேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காக முப்பது ஆண்டு அனுபவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தூய்மைக் குழு அமைப்பது பெரும் தவறு. அரசு மருத்துவமனைகளில் துப்புரவுப் பணியை நடத்திய மேற்பார்வையாளர்கள், குடிநீர்த் தொட்டி இயக்குபவர்கள், மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பந்தி நடத்திப் பழகிய சமையல் மாஸ்டர்கள் ஆகியோரிடமும் புத்தகத்தில் இல்லாத நுணுக்கங்கள் இருக்கின்றன. அவர்களோடு பிள்ளையை மையத்துக்கு அனுப்பும் தாய்மார் இருவராவது குழுவில் இருக்க வேண்டும். சட்டையில் எந்தக் கறையோடு பிள்ளை வீடு திரும்புகிறது என்பதை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

சில இடங்களில் விழிப்பாகவும் இருக்க வேண்டும். பல சுயஉதவிக் குழுக்கள் பினாயிலும் சோப்பு எண்ணெயும் தயாரித்து விற்கின்றன. அது நேர்மையான பிழைப்பு, பாராட்டத்தக்கதும்கூட. ஆனால் மையத்துக்குப் பினாயில் விற்கிறவரே எவ்வளவு பினாயில் வேண்டும் என்று ஆலோசனை சொல்லும் நிலை வரக் கூடாது. துப்புரவுப் பொருள் நிறுவனங்களின் முகவர்களுக்கும் இதே விதி. விண்ணப்பத்திலேயே இதைக் கேட்டு எழுதி வாங்கிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

சாதியைப் பற்றிப் பேசாமல் நம் ஊர்களில் தூய்மையைப் பற்றிப் பேச முடியாது. கழிப்பறையைக் கழுவுவது யார் என்ற கேள்விக்கு ஊர் தன் பழைய விடையை எப்போதும் தயாராக வைத்திருக்கிறது. ஆலோசகர்கள் அனைவரும் ஊரின் ஒரு பகுதியைச் சேர்ந்தவர்களாகவும், உதவியாளர் காலனியைச் சேர்ந்தவராகவும் இருந்தால், வழிகாட்டல் என்ற பெயரில் அதே பழைய அதிகாரம்தான் உள்ளே வரும். குழுவில் ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் இடம் இருக்க வேண்டும். ஆலோசகராக வருபவர், தேவைப்பட்டால் தானே துடைப்பத்தைப் பிடித்துக் கழிப்பறையைக் கழுவிக் காட்டுவதற்குத் தயங்காதவராகவும் இருக்க வேண்டும். நேர்காணலில் கேட்கத் தகுந்த ஒரே கேள்வி எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மொழியும் முக்கியம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஏராளம். ஓசூரின் தொழிற்பேட்டைகளைச் சுற்றி வட மாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. கிருஷ்ணகிரியின் கிரானைட் குவாரிகளிலும் செங்கல் சூளைகளிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு அவர் மொழி தெரிந்திருக்க வேண்டும். கூலியை இழந்தால்தான் அவர் வீட்டில் இருக்க முடியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைகளின் குழந்தைக் காப்பகங்களுக்கும் இந்த வழிகாட்டல் தேவை. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் அதே கடமையை விரித்தது. ஆனால் அங்கே சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வசதி நிறுவனத்திடம் இருக்கிறது. தன்னார்வலரின் நேரத்தை முதலில் அரசு மையங்களுக்கும், அதன் பிறகே பணம் கொடுத்து நிபுணரை அழைக்க முடிந்த இடங்களுக்கும் ஒதுக்குவதுதான் நியாயம்.

ஆலோசனையையும் ஆய்வையும் பிரித்து வைப்பது இதில் மிக முக்கியமான கொள்கை. அமெரிக்காவில் குழந்தைப் பராமரிப்பு இல்லங்களுக்கு உரிமம் வழங்கும் ஆய்வாளர் ஒருவர், உடல்நல ஆலோசகர் வேறொருவர். அங்கே குழந்தைநல மருத்துவர் சங்கமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் இணைந்து 1992-இல் வெளியிட்ட தேசியத் தரநிலைகள், கழுவுவதையும் கிருமி நீக்குவதையும் தனித்தனியாக வரையறுத்து, வழிகாட்டுவதற்கென்று தனி ஆலோசகரையும் பரிந்துரைத்தன. நம்மிடமும் 2011-இல் மத்திய அரசு வகுத்த அங்கன்வாடி அளவிலான கண்காணிப்பு மற்றும் ஆதரவுக் குழு என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயரில் உள்ள கண்காணிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆதரவு பல இடங்களில் மறந்துபோயிற்று. தன்னார்வ ஆலோசகர் அந்த ஆதரவுப் பகுதியை மட்டும் ஏற்க வேண்டும். அவர் மெமோ எழுதக் கூடாது, புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, அலுவலகத்துக்குத் தனியாக அறிக்கை அனுப்பக் கூடாது. அவர் எழுதும் குறிப்பின் ஒரே படி மையத்திலேயே இருக்க வேண்டும், பணியாளரும் உதவியாளரும் படித்துப் பார்க்கும் நோட்டில் இருக்க வேண்டும். வேவு பார்க்க வந்தவர் என்ற எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால் அதன் பிறகு எவரும் உண்மையான ஐயத்தை அவரிடம் கேட்கப் போவதில்லை.

இதற்கு ஒரே விலக்கு, பிள்ளைகளின் பாதுகாப்பு. ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானது தெரியவந்தால் அதைத் தெரிவிக்க வேண்டிய கடமையை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஒவ்வொருவருக்கும் விதித்திருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தன்னார்வலர் அறிந்திருக்க வேண்டும். தன்னார்வலரையும் அதே விழிப்போடுதான் உள்ளே விட வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பு இல்லாமல் எவரையும் சேர்க்கக் கூடாது. பணியாளர் இல்லாத நேரத்தில் ஆலோசகர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும் இதில் சலுகை இருக்கக் கூடாது.

அழைப்பு விடுப்பதற்குக் கிராம சபையைவிட நல்ல இடம் இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மையத்துக்கு இப்படி ஒருவர் வரப் போகிறார், அவர் வேலை இன்னது, இன்னது அவர் வேலை இல்லை என்பதைப் பெற்றோர் முன்னிலையில் அறிவித்துவிட்டால் பின்னால் எழும் பாதிச் சிக்கல்கள் எழாமலே போகும். நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி ஆகிய இடங்களிலும் சொல்ல வேண்டும். நோட்டீஸ் படிக்காதவர்களில்தான் நமக்குத் தேவையான பலர் இருக்கிறார்கள். விண்ணப்பித்தவரை ஒரு மையத்தில் அரை நாள் உட்கார வைத்து, என்ன கண்டீர்கள் என்று கேட்பது எழுத்துத் தேர்வைவிட நம்பகமானது. சன்னல் தூசியைப் பற்றிப் பேசுகிறவரும், முட்டை உரிக்கும் கைக்கு நடுவில் என்ன நடந்தது என்பதைப் பற்றிப் பேசுகிறவரும் அந்த அரை நாளில் தெளிவாகப் பிரிந்து தெரிவார்கள்.

தன்னார்வம் என்பதற்காகச் செலவையும் அவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மையம் இருக்கும் குக்கிராமத்துக்கு ஷேர் ஆட்டோதான் வழி. ஆலோசகர் ஒருவருக்கு நான்கு, ஐந்து மையங்கள், மாதம் ஒரு வருகை, ஓராண்டுப் பொறுப்பு என்று வரையறுத்து, பயணச் செலவையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் கொடுத்துவிட வேண்டும். தன்னார்வலர் வந்துவிட்டார் என்பதால் உதவியாளர் பணியிடத்தைக் காலியாக விடும் எண்ணம் எவருக்கும் தோன்றக் கூடாது என்பதையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். உதவியாளருக்கான மதிப்பூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2018-இல் உயர்த்தப்பட்ட பிறகும் மாதம் 2,250 ரூபாய்தான். அதற்கு மேல் மாநில அரசு தருவதைக் கொண்டே அவர் குடும்பம் நடத்துகிறார். அப்படிப்பட்ட வேலையை இலவச உழைப்பால் நிரப்ப நினைப்பது அநீதி.

ஆலோசனைக்குப் பின்னால் சிறிதளவாவது பணம் இருக்க வேண்டும். வலைப்பையில் சோப்பு, குழாய் வைத்த டிரம், சமையல்கட்டுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என நிறம் பிரித்த துணிகள், உயரத்தில் பூட்டு உள்ள ஒரு பெட்டி ஆகியவை பெரிய செலவு அல்ல. கிராம சுகாதாரம், தூய்மை மற்றும் ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுதோறும் வரும், எதற்கென்று முன்கூட்டியே வரையறுக்கப்படாத 10,000 ரூபாய் நிதி இத்தகைய தேவைகளுக்கானது. அந்தக் குழுவின் கூட்டத்தில் ஆலோசகருக்கும் உதவியாளருக்கும் பேச இடம் கொடுத்தால், எது வாங்க வேண்டும் என்பது சமையல்கட்டைப் பார்த்தவர்களின் வாயிலிருந்தே வரும்.

நெறிமுறையை எழுதும் வேலை கடைசியில் வர வேண்டும். ஆலோசகர்கள் முதல் மூன்று மாதம் எதையும் எழுதாமல் மையங்களைப் பார்க்கட்டும். பிறகு பணியாளர்களோடும் உதவியாளர்களோடும் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கத்தில் அடங்கும் வரைவை எழுதட்டும். காரிமங்கலம் போன்ற சமவெளி வட்டாரத்தில் சில மையங்களிலும், பெட்டமுகிலாளம் போன்ற மலைப் பகுதியில் சில மையங்களிலும் அதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு கோடையும் ஓர் ஐப்பசி மழையும் கடந்த பிறகு, செய்ய முடியாமல் போன வரிகளை உதவியாளர்களே அடித்துத் திருத்தட்டும். அப்படித் திருத்திய பக்கத்தைத் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, படங்களோடு, சமையல்கட்டு ஈரம் படாத உயரத்தில் ஒட்டலாம்.